டப்ளினிலிருந்து படவேடு வரை: ஆட்சியில் இருப்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டும், தெரியுமா?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் சந்தவாசலில் திரும்பினால் படவேடு. ஜவ்வாது மலையின் அடிவாரம், வாழைத்தோட்டம், கமண்டல நாகநதி, ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் சந்நிதியில் அலைமோதும் கூட்டம். திருவண்ணாமலை மாவட்டம், போளூர் வட்டத்தில் இருக்கும் இந்த ஊரின் கிராம சபைப் பந்தலுக்கும், அட்லாண்டிக் கடலோரத்தில் இருக்கும் அயர்லாந்தின் பாராளுமன்றத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு, தெரியுமா? அதுவும் நம் அரசியல் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கும் சொந்தம்!

முதலில் டப்ளினுக்குப் போய் வருவோம். அங்கே பிரதமரை 'டீஷக்' என்கிறார்கள், கீழவை 'டாயில்'. சபை கூடும் வாரங்களில் செவ்வாயும் புதனும் டீஷக் எழுந்து நிற்க வேண்டும். எதிர்க்கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்பார்கள். வியாழக்கிழமை துணைப் பிரதமரின் முறை. இதற்குத் 'தலைவர்கள் கேள்வி' என்று பெயர். 2001-இல் கொண்டு வந்தார்கள். இதில் மலைக்க வைக்கும் விஷயம் எது தெரியுமா? என்ன கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை! ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாத பிரச்சினையா, வீட்டு வாடகையா, ஏதோ ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம் மூடப்பட்டதா, எதுவும் வரலாம். அதிகாரிகள் எழுதிக் கொடுத்த தாளை மட்டும் நம்பி நிற்க முடியாது. நாட்டு நடப்பு முழுவதும் தலைக்குள் இருக்க வேண்டும். நிமிடக் கணக்கில் நேரம், உடனே பதில், அதன்மேல் மறுகேள்வி, அதற்கும் பதில். இதைத் தவிர, முன்னறிவிப்போடு டீஷக்கிடம் கேட்கும் கேள்விகளுக்குத் தனி நேரம் உண்டு.

அந்த இடத்தில் நின்று பதில் சொன்னவர்களில் ஒருவரின் அப்பா மும்பைக்காரர்! லியோ வரத்கர், 2017 முதல் 2020 வரையிலும், பிறகு 2022 முதல் 2024 வரையிலும் அயர்லாந்தின் பிரதமர். டாக்டராக வேலைக்குப் போன ஓர் இந்தியரின் மகன்.

இன்னும் கேளுங்கள். இந்த டாயில் முதன்முதலில் கூடியது 1919 ஜனவரி 21-இல், டப்ளின் மேயர் மாளிகையில். நாடு அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. வருகைப் பதிவு எடுத்தார்கள். பெயர் பெயராக வாசிக்க வாசிக்க, 'அந்நியரின் சிறையில்' என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. வந்திருந்தவர்கள் 27 பேர்தான். சிறையில் இருந்தவர்கள் அதைவிட அதிகம்! ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் உரிமையை அந்த மக்கள் அப்படிப் பெற்றார்கள்.

அயர்லாந்தின் மொத்த மக்கள்தொகை எவ்வளவு தெரியுமா? 2022 கணக்கெடுப்பில் சுமார் 51.5 லட்சம். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்குப்படி 24.6 லட்சம் பேர். அதாவது நம் ஒரு மாவட்டம் ஏறக்குறைய பாதி அயர்லாந்து! ஆனால் அங்கே டாயிலில் 174 உறுப்பினர்கள். நம் மாவட்டத்துக்குச் சட்டமன்றத்தில் 8 தொகுதிகள். அங்கே 20,000 முதல் 30,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்று அரசியல் சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. இங்கே ஒரு எம்.எல்.ஏ.வின் தோளில் மூன்று லட்சம் பேர். படவேட்டுக்காரர் தன் கேள்வியை எம்.எல்.ஏ. காதில் போட, ஓர் ஐரிஷ்காரரைவிடப் பத்து மடங்கு நீளமான வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் நமக்கு ஊருக்குள்ளேயே ஒரு சபை அவசியம் என்று சொல்கிறேன்.

அந்த ஊர்ச் சபை வந்த கதைதான் இந்தக் கட்டுரையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இந்திய அரசியல் சட்டத்தின் நான்காம் பகுதிக்கு 'அரசுக் கொள்கையை வழிநடத்தும் கோட்பாடுகள்' என்று பெயர். இந்த அமைப்பை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? 1937-இல் அயர்லாந்து எழுதிக்கொண்ட அரசியல் சட்டத்திலிருந்து! ஆனால் நம் வரைவில் கிராமப் பஞ்சாயத்து பற்றி ஒரு வார்த்தை கிடையாது. காந்தியவாதிகளுக்கு மனம் ஆறவில்லை. கிராமம் என்பது அறியாமையும் குறுகிய பற்றும் நிறைந்த இடம் என்று அம்பேத்கர் சபையிலேயே கடுமையாகச் சொல்லியிருந்தார். சாதியின் பெயரால் கிராமத்தில் நடப்பதை அனுபவித்து அறிந்தவர் அவர். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. இந்த நிலையில் 1948 நவம்பர் 22-ஆம் தேதி ஒரு திருத்தம் வந்தது. கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து, தன்னாட்சி அலகுகளாக இயங்கத் தேவையான அதிகாரத்தை அரசு கொடுக்க வேண்டும் என்றது அது. கொண்டு வந்தவர் யார் தெரியுமா? தமிழ்நாட்டுக்காரரான கே. சந்தானம்! அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுதான் இன்றைய 40-ஆவது பிரிவு.

அயர்லாந்திலிருந்து வந்த சட்டகம், அதற்குள் ஒரு தமிழர் வைத்த பிரிவு. அதன் வழியில் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. கிராம சபை அரசியல் சட்ட அங்கீகாரம் பெற்றது. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. படவேட்டுப் பந்தல்வரை அந்த நூல் அறுபடாமல் வருகிறது பாருங்கள்!

படவேட்டின் பழைய கதை தெரிந்தால் இந்த ஊர் சாதாரண ஊர் இல்லை என்பது புரியும். சம்புவராயர்களின் தலைநகரம் இது. 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் இங்கே படையோடு வந்து சம்புவராயரை வென்ற பிறகுதான் மதுரைக்குப் போனார். அந்தப் படையெடுப்பைக் காவியமாக எழுதியவர் அவருடைய மனைவி கங்காதேவி. விஜயநகர ஆட்சியிலும் இந்தச் சீமைக்குப் 'படைவீட்டு ராஜ்யம்' என்றே பெயர்.

1425-இல் இந்தப் படைவீட்டு ராஜ்யத்தின் அந்தணர்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். தமிழர், தெலுங்கர், கன்னடர் எனப் பல மொழிக்காரர்களும் அதில் அடக்கம். பொன் வாங்கிக்கொண்டு பெண்ணைக் கொடுக்கக் கூடாது, பொன் கொடுத்துப் பெண் எடுக்கவும் கூடாது, கன்னிகாதானமாகவே கல்யாணம் நடக்க வேண்டும். மீறினால் அரச தண்டனை, சமூகத்தை விட்டும் விலக்கு! விரிஞ்சிபுரம் கோயிலில் இது கல்வெட்டாகவே இருக்கிறது. 600 வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்தில் பொன் கைமாறக் கூடாது என்று கூடிப் பேசி, எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றால் சும்மாவா? ஒரு சமூகம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுதான் அது, ஊர் முழுவதற்குமான சட்டம் இல்லை. அப்படியும் ஆச்சரியம் குறையவில்லை.

இன்னும் பின்னால் போகலாமா? திருநெல்வேலிச் சீமை மானூரில், கி.பி. 800-ஐ ஒட்டிய ஒரு பாண்டியர் காலக் கல்வெட்டு. ஊர்ச்சபையில் யார் உட்காரலாம், எப்படிப் பேச வேண்டும் என்று விதி வகுக்கிறது. எந்த யோசனை வந்தாலும் 'கூடாது, கூடாது' என்று முட்டுக்கட்டை போட்டுக்கொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு அபராதம், தெரியுமா? அவருக்குத் துணை நிற்பவருக்கும் சேர்த்து! கூச்சலில் சபை முடங்கும் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்து காசு ஞாபகம்தான்.

உத்திரமேரூர் குடவோலை பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். 919, 921 ஆகிய ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். 30 குடும்புகள், குடத்தில் ஓலை, சிறுவன் ஒருவன் எடுத்துக் கொடுக்கும் சீட்டு, இதெல்லாம் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு: வாரியம் என்ற ஊர்க்குழுவில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி பெயர் கொடுக்கவே முடியாது. அவர் மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினர்களும் கூடாது! கணக்கு கேட்டால் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் குடும்பத்துக்கே கதவு மூடும். நிலமும் வீடும் கல்வியும் உள்ள அந்தண ஆண்களுக்கு மட்டுமே இடமிருந்த சபை அது. இன்றைய படவேட்டுக் கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அத்தனை பேரும் உறுப்பினர், கூலி வேலைக்குப் போகும் அம்மாவும் சேர்த்து. இந்த ஒரு விஷயத்தில் படவேடு உத்திரமேரூரை மிஞ்சிவிட்டது!

பாராளுமன்றத்தில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் வழக்கம் எப்போது தொடங்கியது? பிரிட்டனில் 1721-இல், பிரபுக்கள் சபையில். ஊரையே மொட்டையடித்த 'சவுத் சீ' கம்பெனியின் காசாளர் தப்பி ஓடிவிட்டார். அவர் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டது உண்மையா என்று கௌப்பர் பிரபு எழுந்து கேட்டார். பதிவான முதல் கேள்வியே ஊழலைப் பற்றியது!

இந்தியாவில்? 1861 சட்டப்படி அமைந்த சபையில் கேள்வி கேட்கும் உரிமையே கிடையாது. 1892 சட்டம் அனுமதித்தது, ஆனால் பதிலின் மேல் துணைக் கேள்வி கேட்கக் கூடாது. 1893 பிப்ரவரி 16-இல் பிங்கா ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். எதைப் பற்றித் தெரியுமா? அதிகாரிகள் கிராமங்களுக்குச் சுற்றுப்பயணம் வரும்போது அவர்களுக்குச் சாமான் சப்ளை செய்யச் சொல்லி ஊர்க்காரர்களைப் படுத்தும் பாட்டைப் பற்றி! இந்தியாவின் முதல் கேள்வியே ஒரு கிராமத்துக் கஷ்டம்தான். 1909-இல் கேள்வி கேட்டவருக்கு மட்டும் துணைக் கேள்வி உரிமை வந்தது. 1919 சட்டத்துக்குப் பிறகுதான் எல்லா உறுப்பினருக்கும். ஒவ்வொரு படிக்கும் இடையில் எத்தனை வருஷம் பாருங்கள்.

மக்களின் குரல் சபைக்குள் போக நடந்த அந்தப் போராட்டத்திலும் ஓர் ஐரிஷ் கை உண்டு. அயர்லாந்தில் பிறந்து சென்னைக்கு வந்த மார்கரெட் கசின்ஸ், 1917 டிசம்பரில் சென்னையில் பிரிட்டனின் இந்தியத் துறை மந்திரி மாண்டேகுவைச் சந்தித்து, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட குழுவை ஏற்பாடு செய்தவர். 1921-இல் மாகாணங்களிலேயே முதலாவதாக சென்னை பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. இன்னொருவர் வி.வி. கிரி. டப்ளினில் சட்டம் படித்தவர், 1916 ஐரிஷ் எழுச்சிக்குப் பிறகு அந்த நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர். அவர் 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறை மந்திரியாகி, சென்னைச் சட்டமன்றத்தில் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பின்னாளில் குடியரசுத் தலைவரும் ஆனார்!

சரி, இன்று ஒரு கேள்வி எப்படிச் சபைக்கு வருகிறது? மக்களவையில் குறைந்தது 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். வாய்மொழிப் பதில் வேண்டுமென்றால் கேள்விக்கு ஒரு நட்சத்திரம் போடுவார்கள். ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20-தான். வந்து குவியும் நோட்டீஸ்களில் எது முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. குடவோலை இன்னும் போகவில்லை! நட்சத்திரக் கேள்விகளின் பட்டியல் பச்சைத் தாளில், எழுத்துப்பூர்வப் பதிலுக்கானவை வெள்ளைத் தாளில், அவசரக் கேள்வி வெளிர் சிவப்பில். காலை 11 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு முடியும்.

சூடு எங்கே இருக்கிறது என்றால் துணைக் கேள்வியில். உதாரணத்துக்கு, படவேட்டுக்குப் பக்கத்தில் செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. 287 மில்லியன் கன அடி பிடிக்கும். பல வருஷம் மதகுகள் பழுதாகிக் கிடந்து, பிறகுதான் சீரமைத்தார்கள். இப்படி ஓர் அணையைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கருத்துரு அரசின் பரிசீலனையில் உள்ளது' என்று அச்சடித்த பதிலை அமைச்சர் வாசிப்பார். உடனே உறுப்பினர் எழுந்து, 'பரிசீலனை எந்தத் தேதிக்குள் முடியும், இந்த நிதியாண்டிலேயே நிதி ஒதுக்க அரசு ஆவன செய்யுமா என்று பேரவைத் தலைவர் வாயிலாக அறிய விரும்புகிறேன்' என்பார். இப்போது தாள் உதவாது. அமைச்சர் துறையைப் படித்திருக்கிறாரா இல்லையா என்பது அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்!

'ஆவன செய்யப்படும்' என்று சொல்லிவிட்டால் அதோடு போயிற்று என்று நினைக்கிறீர்களா? இல்லை! அவையில் அமைச்சர் கொடுத்த வாக்கைக் குறித்து வைத்து, நிறைவேறியதா என்று துரத்துவதற்கே அரசு உறுதிமொழிக் குழு என ஒன்று இருக்கிறது. மக்களவையில் 1953 முதல் உண்டு. தமிழ்நாடு சட்டமன்றத்திலும் உண்டு. அந்தக் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய்ப் பார்க்கிறது. உங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றி அமைச்சர் ஏதாவது சொல்லியிருந்தால், அது எங்கோ ஒரு பட்டியலில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு கேள்வி மந்திரி பதவியையே பறித்திருக்கிறது, தெரியுமா? தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் எல்.ஐ.சி. ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் போட்ட பணத்தைப் பற்றி 1957-இல் மக்களவையில் பெரோஸ் காந்தி கிளப்பினார். அவர் யார்? பிரதமர் நேருவின் மருமகன், ஆளும் கட்சியின் உறுப்பினர்! நீதிபதி சாக்ளா விசாரித்தார், அதுவும் மக்கள் முன்னால். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். மாமனாரின் ஆட்சியை மருமகனே கேள்வி கேட்டார். மாமனாரும் விசாரணைக்குச் சம்மதித்தார். அந்த நாட்களை நினைத்தாலே சிலிர்க்கிறது.

கேள்வியின் மதிப்பைக் கெடுத்தவர்களும் உண்டு. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 எம்.பி.க்கள் 2005 டிசம்பரில் பதவி நீக்கப்பட்டார்கள். கேள்வி நேரமே இல்லாமல் போன காலங்களும் உண்டு: 1962 சீனப் போர், 1975 நெருக்கடிநிலை, 2020 கொரோனாக் காலத்து மழைக்காலக் கூட்டத்தொடர்.

தமிழ்நாடு சட்டமன்றத்தில் திருக்குறளோடு அவை தொடங்கும், அடுத்து கேள்வி நேரம். 2022 ஜனவரி முதல் அதை நேரலையில் பார்க்கலாம். ஆனால் நம்மிடம் 110-ஆவது விதி என்றும் ஒன்று இருக்கிறது. அதன்கீழ் முதல்வரோ அமைச்சரோ அறிக்கை படித்தால் விவாதம் கிடையாது! யார் ஆட்சியில் இருந்தாலும் அதை விரும்பிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அறிவிப்பு வரலாம், தவறில்லை. அதற்கு ஈடாக, வாரம் ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் முதல்வரிடம் எதிர்க்கட்சித் தலைவர்கள் நேருக்கு நேர் கேட்க அரைமணி நேரம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 51 லட்சம் பேர் உள்ள அயர்லாந்துக்கு அது முடிகிறது. தமிழர்கள் வாழும் மொரீஷியஸில் செவ்வாய்க்கிழமை பிரதமருக்கென்று தனிக் கேள்வி நேரம் இருக்கிறது, எதிர்க்கட்சித் தலைவருக்கென்று தனிக் கேள்வி உரிமையும் இருக்கிறது. இலங்கைப் பாராளுமன்றத்தில் கட்சித் தலைவர்கள் 27(2) நிலையியற் கட்டளையின் கீழ் அரசைக் கேள்வி கேட்கிறார்கள். அங்கே எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் தமிழர்களான அமிர்தலிங்கமும் சம்பந்தனும் உட்கார்ந்திருந்தார்கள்! நமக்கு மட்டும் ஏன் முடியாது?

இப்போது படவேட்டுப் பந்தலுக்கு வாருங்கள். சட்டமன்றத்துக்குப் போக எம்.எல்.ஏ. வேண்டும், இங்கே நீங்களே எம்.எல்.ஏ.! வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சிச் செயலர் வரவு செலவை வாசிக்க வேண்டும். தெருவிளக்குக்கு எவ்வளவு, மேல்நிலைத் தொட்டி கழுவ எவ்வளவு, ஊரக வேலைத் திட்டத்தில் யார் யார் என்று எல்லாவற்றையும் கேட்கலாம். கேட்டதும் முடிவானதும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். முன்வரிசையில் உட்காரும் பெண்கள் தண்ணீரைப் பற்றித் தொடங்கினால், அந்தக் கூட்டத்தில் எந்த டீஷக்காக இருந்தாலும் வியர்த்துப் போவார்!

திருவண்ணாமலை மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபைக்கு ஓய்வு கிடையாது, தெரியுமா? நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லப்போனால், ஓட்டுக் கேட்டு வராதவர் பொறுப்பில் இருக்கும்போதுதான் கேள்விகள் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த கிராம சபைக்குப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு எடுத்துப் போங்கள். தொகை, தேதி, பொறுப்பு யாருடையது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். பதில் வந்தால் அதன்மேல் ஒரு துணைக் கேள்வி கேளுங்கள். கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே வீட்டுக்குத் திரும்புங்கள்.